நீ கேட்ட அந்த ஒரு நிமிடம்

அப்பு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு, "யோசிச்சு எழுதுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசித்தேன். சோறு வடிக்கும்போது யோசித்தேன், மாதா கோயிலில் பங்குச் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது யோசித்தேன், ரிட்டயர் ஆன பிறகும் என்னை விடாமல் டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளுக்கு வடிவியல் சொல்லிக்கொடுக்கும்போதும் யோசித்தேன். "அம்மா, அன்னைக்குக் கல்லறைத் திருநாள்ல, அமலி குழிமேல மிஷினைப் பிடிச்சு நம்பர் எடுத்தேன்ல, அப்ப மணி என்ன இருக்கும்? நிமிஷம் வரைக்கும் தெரியணும்மா" என்று கேட்டாய். எட்டு வருடமாக உன் தங்கச்சியின் பெயர் உன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பெண் பார்க்கட்டுமா என்று கேட்டாலும், வீட்டுக்கு வெள்ளையடிக்கட்டுமா என்று கேட்டாலும் "உன் இஷ்டம்மா" என்று முடித்துக்கொள்கிற பிள்ளை திடீரென்று அந்தப் பெயரைச் சொன்னதும் நான் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

முதலில் இருந்தே எழுதுகிறேன். நடுவில் எங்கேயாவது அந்த நிமிடம் அகப்பட்டால் எடுத்துக்கொள். அமலியைப் புதைத்தபோது உனக்கு ஒன்பது வயது, அவளுக்கு மூன்று முடியவில்லை. மூளைக்காய்ச்சல் என்றார்கள், பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள்கூட இருக்கவில்லை. நம் கல்லறைத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்கென்று மேற்கு மூலையை ஒதுக்கியிருந்தார்கள். அங்கே யாரும் கல் கட்டுவதில்லை. ஒரு மரச்சிலுவை, ஒரு நித்தியகல்யாணிச் செடி, அவ்வளவுதான். சுவரோரம் நின்ற கொடுக்காப்புளி மரம்தான் நமக்கு அடையாளம். சிலுவையைக் கரையான் தின்னும், அப்பா வருடா வருடம் புதிதாக ஒன்று அடித்துக்கொண்டு வருவார். அந்த மரத்தையும் ஒரு வருடம் வெட்டிவிட்டார்கள். அடுத்த திருநாளில் நாம் போனபோது சிலுவையும் இல்லை, மரமும் இல்லை. ஒரே மாதிரி நாலைந்து மண்மேடு. இதுதான் என்று நான் ஒன்றைச் சொல்ல, அது இல்லை என்று அப்பா இன்னொன்றைச் சொல்ல, பூக்கூடையோடு அங்கேயே இருவருக்கும் சண்டை. கடைசியில் பழைய நித்தியகல்யாணித் தூரைத் தோண்டிப் பார்த்து நீதான் கண்டுபிடித்தாய். வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அவ தொலஞ்சு போயிறக் கூடாதும்மா" என்றாய். பத்தொன்பது வயதுப் பையனுடைய குரலாக அது இல்லை.

அதற்கு அடுத்த வருடம், 1999-இல், சென்னையில் சர்வே படிப்பு படித்துக்கொண்டிருந்த நீ திருநாளுக்கு முந்தின நாள் அந்த ஜி.பி.எஸ். மிஷினோடு வந்து இறங்கினாய். கல்லூரியில் கெஞ்சி வாங்கிவந்ததாகச் சொன்னாய். பார்க்க ரேடியோ மாதிரி இருந்தது, ஆனால் பாடாது. உன் அப்பாவுக்கு அதைப் பார்த்ததும் நிலைகொள்ளவில்லை. தாடிக்கொம்பு ரோட்டில் பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றுகிற கடை வைத்திருந்த மனிதர். எந்த மிஷினைக் கண்டாலும் பின்பக்கம் திருப்பித் திருகாணியைத் தேடுவார். "தம்பி, இது எப்புடிடா இடத்தச் சொல்லுது? மேலருந்து போட்டோ எடுக்குதா?" என்று கேட்டார். நீ சிரித்துவிட்டு, கடையிலிருந்து செப்புக் கம்பி எடுத்துவந்து முற்றத்தில் மூன்று ஆணி அடித்தாய்.

நீ சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம். நான் இருபத்தெட்டு வருடம் பாடம் நடத்தியவள், நன்றாக நடத்தினால் எனக்குத் தெரியும். கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடும்போது முதலில் வெளிச்சம் தெரிகிறது, செத்த நேரம் கழித்துத்தான் சத்தம் கேட்கிறது. அந்த இடைவெளியை எண்ணினால் வேட்டு எவ்வளவு தூரத்தில் வெடித்தது என்று சொல்லிவிடலாம். அதே கணக்குத்தான் என்றாய். மேலே இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இரண்டு டஜன் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "நான் இங்கே இருக்கிறேன், இப்போது நேரம் இது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கையில் இருக்கிற மிஷின் எதையும் மேலே அனுப்புவதில்லை, சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறது. கிளம்பிய நேரத்தையும் வந்துசேர்ந்த நேரத்தையும் கழித்து, ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். முதல் ஆணியிலிருந்து கம்பியை இழுத்து ஒரு வட்டம் போட்டாய். அந்த வட்டத்தில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டாவது வட்டம் போட்டதும் இரண்டே இடம். மூன்றாவதும் போட்டதும் மூன்று கம்பியும் ஒரு புள்ளியில் வந்து முட்டின. அப்பா அந்தப் புள்ளியில் தன் பெருவிரலை வைத்து அழுத்தியபடியே இருந்தார்.

மிஷினுக்கு நான்கு செயற்கைக்கோள் வேண்டும் என்று நீ சொன்னதும், "மூணு போதும்னா நாலு வேணுங்கிறியே, எதுக்கு?" என்று நான் கேட்டேன். டீச்சர் புத்தி. நீ அதற்கும் பதில் வைத்திருந்தாய். மேலே இருப்பவை அணுக்கடிகாரங்கள், தவறாது. கையில் இருப்பதோ மலிவான கடிகாரம். ஒரு செகண்டைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் ஒரே ஒரு பங்கு பிசகினாலும் இடம் முந்நூறு மீட்டர் தள்ளிப்போய்விடும். அந்தப் பிசகு எவ்வளவு என்று கண்டுபிடிக்கத்தான் நான்காவது. நான்கும் ஒத்துப்போகிற மாதிரி மிஷின் தன் கடிகாரத்தைத் தானே திருத்திக்கொள்கிறது என்றாய். அதோடு, அவ்வளவு உயரத்தில், அவ்வளவு வேகத்தில் கடிகாரம் நம் தரையில் ஓடுவதைவிட நாளுக்குக் கொஞ்சம் முந்தி ஓடும் என்பதால், முன்கூட்டியே அதை மெதுவாக ஓடும்படி செய்து அனுப்புகிறார்கள் என்றும் சொன்னாய். அப்பாவுக்கு அதுதான் ரொம்பப் பிடித்துப்போனது. கடை திறக்க லேட்டாகிவிடும் என்று தன் வாட்சை எப்போதும் வேகமாகவே வைத்திருக்கிறவர் ஆயிற்றே. "பாத்தியா டீச்சரு, நான் செஞ்சா நக்கல் பண்ணுவ. அங்க மேதைங்களே கடியாரத்த மாத்தித்தான் வக்கிறாங்ய" என்று வாட்சைத் தடவிக்கொண்டார். அன்றைக்கு நம் வீட்டில் சிரித்த சிரிப்பு அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

தவறு எங்கெல்லாம் வரும் என்றும் நீ ஒளிக்காமல்தான் சொன்னாய், அதை நீயே மறந்திருப்பாய். வானத்து உச்சியில் மின்னேறிய காற்று ஒரு படலமாக இருக்கிறது, சிக்னல் அதற்குள் வரும்போது தாமதமாகும். அந்தப் படலம் நம் தென்கோடிப் பக்கம் தடித்தும், பொழுது சாய்ந்ததும் கொந்தளித்தும் கிடக்கும். சுவரிலும் மலைப்பாறையிலும் பட்டுத் திரும்பி வருகிற சிக்னல் கூடுதல் தூரம் வந்ததால் பொய்க்கணக்குக் காட்டும். ஈர இலைகள் மறைக்கும். செயற்கைக்கோள்கள் வானத்தில் பரவி நிற்காமல் ஒரே பக்கம் கூடி நின்றால், கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து புள்ளி கோடாகிவிடும். இதெல்லாம் இயற்கையாக வருவது. இதற்கு மேல் ஒன்று. அந்தச் செயற்கைக்கோள்கள் அமெரிக்க ராணுவத்தினுடையவை. எதிரிகளுக்கு உதவக் கூடாது என்று, ராணுவம் அல்லாதவர்கள் கேட்கிற சிக்னலில் மட்டும் நேரத்தை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்து அனுப்புகிறார்கள், அதனால் இடம் நூறு மீட்டர் வரைக்கும் அலையும் என்றாய். "சும்மா ஒரு தடவ எடுத்தா போதாதுப்பா. நாள் பூரா ஒரே எடத்துல வச்சு சராசரி எடுக்கணும். நாளைக்கு ஒண்ணு எடுத்துக்கிறேன், மறுநாள் காலைலருந்து உக்காந்து ஒழுங்கா எடுக்குறேன்" என்றாய். திருநாளன்று ஒரு தடவை எடுத்தாய், அதற்கு மறுநாள் விடிந்ததிலிருந்து அடைமழை. மிஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று குடையோடு பஸ் ஏறினாய். அந்த ஒரு தடவை எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை நம்பர்தான் நம்மிடம் மிஞ்சியது.

அந்த நம்பரை உன் அப்பா என்ன செய்தார் என்று உனக்குத் தெரியாது. இராத்திரிச் செபம் முடிந்ததும், இறந்தவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்வோம் இல்லையா, அதன் கடைசியில் "பத்து டிகிரி, இருபத்தோரு நிமிஷம்" என்று தொடங்கி அதை முழுசாகச் சொல்லிச் சிலுவை போட்டுக்கொள்வார். அமலி எங்கே படுத்திருக்கிறாள் என்பதைக் கடவுளுக்கே அட்ரஸ் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த பிப்ரவரியில், தண்ணீர் தேங்குகிறது என்று பிள்ளைகள் மூலையில் மண்ணடித்து மேடாக்கப் போவதாகப் பூசையில் அறிவித்தார்கள். அவரவர் குழியில் அடையாளக் கல் நட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அப்பா அதற்கு முன்பே சாணார்பட்டிப் பக்கம் ஒரு குவாரியிலிருந்து கல் ஒன்று கொண்டுவந்து, அதில் சிலுவைகூடக் கொத்தி வைத்திருந்தார். இருந்தாலும் உன்னைக் கேட்காமல் நட மனம் வரவில்லை. ஹாஸ்டலுக்குப் போன் போட்டார். உனக்குப் பரீட்சை நேரம், பின்னால் பையன்கள் கத்துகிற சத்தம் எனக்கே கேட்டது. "அதான் நம்பர் இருக்குல்லப்பா, கல்லு எதுக்கு? மண்ணடிச்சதும் நான் வந்து கரெக்டா காட்டுறேன்" என்றாய். அப்பா போனை வைத்துவிட்டு, "எம்மகன் வானத்துலருந்தே பாத்துக்கிருவான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, கல்லை நடாமல் பின்வாசலிலேயே போட்டுவிட்டார். ஒரு வாக்கியம் அப்பு. இருபது வயதில், அவசரத்தில், போனில் சொன்ன ஒரு வாக்கியம். அதைத்தான் எட்டு வருடமாகச் சுமக்கிறாய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

அந்த மே மாதம் அமெரிக்காக்காரன் கலைத்து அனுப்புவதை நிறுத்திவிட்டான். இனி எல்லோருக்கும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் இடம் தெரியும் என்று நீ துள்ளிக்கொண்டு கடிதம் போட்டாய். நவம்பரில் மிஷினோடு வந்தாய். கல்லறைத் தோட்டம் முழுக்க செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் மெழுகுத்திரியுமாக இருந்தது. நீ பழைய நம்பரைப் போட்டு, அம்புக்குறி காட்டிய பக்கம் நடந்தாய், நாங்கள் பின்னால் வந்தோம். பிள்ளைகள் மூலையைத் தாண்டினாய். சுவரைத் தாண்டச் சொன்னது. கேட் வழியாக வெளியே வந்து, சுற்றிக்கொண்டு, பக்கத்து முருங்கைத் தோட்டத்துக்குள் போய் நின்றாய். உன் மிஷின் இப்போது உண்மை பேசியது. பொய் இருந்தது பழைய நம்பரில். நீ அந்த வரப்பில் நின்ற மாதிரி யாரும் நிற்கக் கூடாது. தோட்டத்துக்காரம்மா வந்து, "என்ன தம்பி தேடுறீங்க?" என்று கேட்டபோது நீ மிஷினை முதுகுக்குப் பின்னால் மறைத்தாய். உன் அப்பா முன்னால் வந்து, "ஒண்ணுமில்லத்தா, எங்க ஆடு ஒண்ணு இங்கிட்டு வந்துச்சான்னு பாத்தோம்" என்றார். அந்த மனிதர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். உன் தோளில் கை போட்டுக்கொண்டு ஆட்டைத் தேடுகிற மாதிரியே தோட்டம் முழுக்க நடந்து உன்னை வெளியே கூட்டிவந்தார்.

அதற்குப் பிறகு நீ எந்த நவம்பரிலும் வரவில்லை. படிப்பை முடித்தாய், துபாய் போனாய், பாலைவனத்தில் எண்ணெய்க் குழாய் பதிக்க விரற்கடை பிசகாமல் இடம் குறித்துக் கொடுக்கிறாய். ஊரில் எல்லோரும் பெருமையாகக் கேட்கிறார்கள். அப்பாவும் நானும் வருடா வருடம் தேன்மிட்டாயும் மெழுகுத்திரியும் வாங்கிக்கொண்டு போவோம். மேடாக்கிய மண்ணில் மற்றவர்கள் நட்ட கற்கள் மட்டும் நிற்கும். அப்பா திரியைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்கனயா இருக்கும் டீச்சரு? அங்கனயா?" என்று இடம் மாறி மாறி நிற்பார். மெழுகு சூடாக விரலில் வடியும். கடைசியில் யாரோ ஒரு பிள்ளையின் கல்லோரம் ஊன்றிவிட்டு வருவோம். ஆனால் செபத்தில் அந்த நம்பரை அவர் விடவில்லை. "தப்பான நம்பருங்க அது" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "தப்போ சரியோ, எம்பிள்ள குடுத்த நம்பரு. நீ சும்மா கெட" என்றார். சாகிற வரைக்கும் சொன்னார். அவரைப் புதைக்க நீ வந்தபோதும் கேட் பக்கமே நின்றுவிட்டாய், அந்த மூலைப் பக்கம் உன் தலை திரும்பவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு சாவு அல்ல.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் உன் மிஷின் மாதிரியே, ஆனால் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற ரிசீவர் ஒன்று அந்தக் காலத்திலேயே இருந்தது, அது இரவு பகலாகக் கேட்டதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்றாய். அது நிற்கிற இடம் துல்லியமாகத் தெரியும், ஆகவே அன்றைக்கு அதனிடம் சொல்லப்பட்ட பொய் எவ்வளவு என்று கணக்கிடலாம். அதே நிமிடத்தில் நம் ஊரில் உன் மிஷினிடம் சொல்லப்பட்டதும் ஏறக்குறைய அதே பொய்தான். பழைய நம்பரில் அதைக் கழித்துவிட்டால் அமலி கிடைத்துவிடுவாள். ஆனால் அந்தப் பொய் நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டிருந்தது, அதனால் நிமிடம் வேண்டும். எத்தனை இராத்திரி இதை யோசித்திருக்கிறாய் அப்பு. நீ மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறாய் என்று சில நாள் கோபப்பட்டிருக்கிறேன்.

தேடிப் பார்த்தேன். மூன்று மணிப் பூசை முடிந்து சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசை வரிசையாக வந்தார், பிள்ளைகள் மூலைக்குக் கடைசியாகத்தான் வந்தார். அவர் போன பிறகுதான் நீ மிஷினைத் தூக்கினாய். ஜங்ஷன் பக்கம் ரயில் கூவியது, அது மதுரை வண்டி. ஆனால் அந்த வண்டி என்றைக்கு நேரத்துக்கு வந்தது? கோயில் மணி அடித்தது. அடித்தவர் சாமியார் கையசைத்ததைப் பார்த்து அடித்தாரே தவிர கடிகாரத்தைப் பார்த்து அல்ல. என் வாட்சை மண் அள்ளுவதற்காகக் கழற்றிக் கூடையில் போட்டிருந்தேன். உன் அப்பா மட்டும் நேரம் பார்த்தார். "அஞ்சேகால் ஆச்சு, இருட்டிரும், சீக்கிரம்டா" என்றார். அதை நினைத்ததும் எழுந்து ஓடிப்போய் பீரோவில் அவருடைய வாட்சை எடுத்தேன், என்னமோ அதற்குள் பதில் இருக்கிற மாதிரி. நின்றுபோய்க் கிடக்கிறது. அது எப்போதும் வேகமாகத்தான் இருக்கும், ஆனால் எவ்வளவு வேகம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மாதம் பத்து நிமிடம், ஒரு மாதம் இருபது. அவரையே ஏமாற்றிக்கொள்ள அப்பப்போது மாற்றுவார். நான்காவது ஒன்று இருந்தால் பிசகைக் கண்டுபிடிக்கலாம் என்றாயே, இந்த வீட்டில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், கணக்கு டீச்சராக. நிமிடமே கிடைத்தாலும், நீ கழித்தாலும், நாலைந்து மீட்டர் சந்தேகம் மிச்சம் இருக்கும் என்று நீயே இழுத்தாய். பிள்ளைக்குழி மூன்றடி. அந்த வட்டத்துக்குள் எத்தனை பேருடைய பிள்ளைகள் படுத்திருக்கும்? இதை உன் மனசைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. எனக்கே தேறவில்லை. அவளுடைய இடத்தில் ஒரு தடவை கையை வைத்துவிட்டுச் சாக வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருக்கிறது. அதனால்தான் ஒரு வாரம் முழுக்கத் தேடினேன்.

நிமிடம் இல்லை அப்பு. அந்த நேரம் எனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால் எல்லாம் இருக்கிறது. நீ நீலச் சட்டை போட்டிருந்தாய், முழங்காலில் சேறு. குனிந்து, மிஷினை அவள் மண்மேல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட விடாமல் நின்றாய். அவள் உயிரோடு இருந்தபோது அவளுக்குப் பால் டம்ளரைச் சிந்தாமல் கொண்டுவருவாயே, அதே பிடி. "மூணு வந்துருச்சும்மா… நாலு வந்துருச்சு" என்று நிமிர்ந்து சிரித்தாய். உன் கண்ணில் தண்ணீர் இருந்தது, நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்து மறுபடியும் குனிந்துகொண்டாய். மணி என்ன என்று நான் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கொத்திய கல் இன்னும் பின்வாசலில் குழாயடியில்தான் கிடக்கிறது. அதைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம் என்று நேற்று குனிந்து தூக்கிப் பார்த்தேன், அசைக்க முடியவில்லை. வயதாகிவிட்டது எனக்கு. நவம்பர் இரண்டாம் தேதிக்கு நீ வா. மிஷின் கொண்டுவந்தாலும் சரி, வெறுங்கையோடு வந்தாலும் சரி. எங்கே நடுவது என்று அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கல்லை மட்டும் நீ தூக்கிக்கொண்டு வா.

அம்மா